அரிக்கிற நாயும் ஆட்டுக்கறியும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் என் கிளினிக்கில் காது நாற்றம் தொடங்கிவிடும். நாய் உள்ளே வருவதற்கு முன்பே அதன் வாடை வந்து சேரும். புளிப்பும் எண்ணெய்ச் சிக்கும் கலந்த வாடை. ஈரம் தங்கிய காதிலும் விரலிடுக்கிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகும்போது வருவது. பெரம்பூர்ப் பக்கம் இத்தனை வருடம் நாய் பார்த்தவளுக்கு அது பழகிப்போய்விட்டது. மழைக்கால நாய்கள் சொட்டு மருந்திலும் ஷாம்பூவிலும் தை பிறக்கும்போது தேறிவிடும். சித்திரை வெயிலிலும் அதே வாடையோடு வருகிறவைதான் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பவை.

பருவம் பார்க்காத அரிப்பு, ஒரு வயதுக்குள்ளேயே தொடங்கிய அரிப்பு, திரும்பத் திரும்பப் புண்ணாகும் காது, பாதத்தை நக்கி நக்கிச் செம்பட்டையாகிப்போன ரோமம், பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகர்வது, ஒரே நாளில் நான்கைந்து தடவை மலம் கழிப்பது. இவற்றில் சில சேர்ந்து வந்தால் நாயின் தட்டில் என்ன விழுகிறது என்று கேட்க ஆரம்பிப்பேன்.

ஆனாலும் தட்டைக் கடைசியில்தான் குறை சொல்வேன். சென்னையில் தெள்ளுப்பூச்சி இல்லாத மாதம் கிடையாது. முதலில் சீப்பு. பிறகு பிளேடின் முனையில் பாரஃபின் எண்ணெய் தொட்டு, லேசாக ரத்தம் கசியும்வரை தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. டெமோடெக்ஸ் பேன் இருந்தால் சுருட்டு வடிவத்தில் தெரியும். சொறிப்பேன் சுரண்டலில் அகப்படாமல் தப்பிவிடும். அதற்காக, வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா என்று கேட்பேன். நிறைய பேர் வெட்கப்பட்டுக்கொண்டு சட்டைக் கையைத் தூக்கிக் காட்டுவார்கள். இவையெல்லாம் இல்லை என்று ஆன பிறகுதான் சாப்பாட்டுப் பேச்சு.

இந்த இடத்தில் சிலர் கையில் வண்ணப் பிரிண்ட் அவுட்டோடு வருவார்கள். ரத்தம் எடுத்து, சில சமயம் எச்சிலும் முடியும் அனுப்பி, அரிசி முதல் வாத்து வரை எதெது ஒத்துக்கொள்ளாது என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் அட்டவணை போட்டு வாங்கியிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க அவை எதையும் நம்ப முடியாது. இன்றுவரை ஒரே வழிதான் உண்டு. நாய் இதுவரை தின்றே இராத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுப்பது, அரிப்பு அடங்குகிறதா என்று பார்ப்பது, அடங்கினால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்து அரிப்பு வருகிறதா என்று சோதிப்பது. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்தாம் வாரத்திலும், 90 சதவீதத்துக்கு மேல் எட்டாம் வாரத்திலும் தேறிவிடுகின்றன என்று ஆலிவ்ரி, முல்லர், ப்ரெலோ மூவரும் 2015இல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். எட்டு வாரம் என்று நான் அடம்பிடிப்பது அதனால்தான்.

ப்ரூனோ ஒரு மஞ்சள் லாப்ரடார், எடை 34 கிலோ. அவனைக் கூட்டிவந்தவர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்த்து, குறித்து வைக்கிற மனிதர். ப்ரூனோவுக்கு எந்தத் தேதியில் என்ன ஊசி போட்டார்கள் என்று ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தார். ஸ்டீராய்டு போட்டால் மூன்று வாரம் நன்றாக இருப்பான், நான்காவது வாரம் மறுபடி காது. அந்த டைரியைப் புரட்டியபோதே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. மாதம் மாறினாலும் அரிப்பு மாறவில்லை.

"என்ன சார் சாப்பிடறான்?"

"ஸ்பெஷலா ஒண்ணும் இல்ல மேடம். காலைல பாக்கெட் தீனி. மத்தியானம் சிக்கன் கழுத்தும் காலும் வேகவச்சு சாதத்துல பிசைஞ்சு. சாயங்காலம் இவ டீ குடிக்கறப்ப ரெண்டு பிஸ்கெட். தயிரை மட்டும் தொடமாட்டான்."

பாக்கெட் ஆட்டிறைச்சித் தீனிதான் என்று அழுத்திச் சொன்னார். அடுத்த தடவை உறையைக் கொண்டுவரச் சொன்னேன். முன்பக்கம் ஆட்டுக்குட்டிப் படம். பின்பக்கம், கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், கோழித் தூளும் கோழிக் கொழுப்பும்தான். அப்படியானால் அவன் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கோழிதான் தின்றுகொண்டிருந்தான்.

எந்த உணவு நாயின் தோலை அதிகம் படுத்துகிறது என்று 2016இல் அதே மூவரும் 297 நாய்களின் பதிவுகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13, ஆடு ஐந்து. இவை பெரும்பாலும் மேல்நாட்டு நாய்கள். அங்கே தட்டில் மாட்டிறைச்சி அதிகம் விழுவதால் அது முதலிடம் பிடித்திருக்கலாம். நம் ஊர் நாயின் தட்டில் கோழியும் பாலும் பிஸ்கெட்டும். ஒவ்வாமை புதிதாகக் கண்ட பொருளால் வருவதில்லை, தினமும் தின்று பழகிய பொருளால்தான் வருகிறது. "அஞ்சு வருஷமா இதத்தான மேடம் சாப்பிடறான், இப்ப எப்படி ஒத்துக்காம போகும்?" என்று கேட்காத ஆள் இல்லை. அஞ்சு வருஷம் தின்றதுதான் காரணம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

எட்டு வாரச் சோதனைக்கு, புதுப் புரதத்துக்குப் பதிலாக, புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்துச் செய்த மருத்துவத் தீனியைச் சொன்னேன். துண்டுகள் மிகச் சிறியவை என்பதால் உடலின் எதிர்ப்புச் சக்தி அவற்றைப் பெரும்பாலும் அடையாளம் காணாது. சார் விலையைக் கேட்டார், மாதத்துக்கு எத்தனை மூட்டை என்று மனதுக்குள் பெருக்கினார், பேச்சை மாற்றினார்.

"பச்சைக் கறி போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க மேடம். நாய்னா ஓநாய் வம்சந்தானே? ஓநாய் என்ன குக்கர் வச்சா சாப்பிடுது?"

இந்தக் கேள்விக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் நாய்க்கு எலும்பு கொடுங்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார். பச்சை எலும்பும் இறைச்சியுமே நாயின் இயல்பான உணவு என்பது அவர் வாதம். அது உலகம் சுற்றி எங்கள் தெருவுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. ஓநாய் வாதத்தில் பாதிதான் உண்மை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளும், நாயிடம் நான்கு முதல் முப்பது படிகள் வரையும் இருப்பதை 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மனிதனின் சோற்றுப்பானையைச் சுற்றியே பல்லாயிரம் வருடம் வாழ்ந்த மிருகம் இது. கரிசல் காட்டுச் சிப்பிப்பாறைகள் கம்பங்கூழ் குடித்துத்தான் முயலைத் துரத்தின.

இதைவிட முக்கியமான இன்னொன்றைச் சொன்னேன். ஒவ்வாமை புரதத்துக்கு. கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்குக் கோழியைப் பச்சையாகப் போட்டாலும் அரிக்கும், வேகவைத்தாலும் அரிக்கும். பச்சைக்கு மாற்றியதும் அரிப்பு நின்றது என்று சொல்கிறவர்கள் வீட்டில் உண்மையில் நடந்திருப்பது வேறு. பாக்கெட் நின்றிருக்கும், பிஸ்கெட் நின்றிருக்கும், கோழி போய் ஆடு வந்திருக்கும். பெயர் மட்டும் பச்சைக் கறிக்குப் போய்விடும்.

அவர் கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொள்ளவில்லை. நான் வேண்டாம் என்று அனுப்பினால் வீட்டுக்குப் போய்த் தானாகவே பச்சைக் கோழிக்கழுத்தில் ஆரம்பித்துவிடுவார் என்று தெரிந்தது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012லேயே பச்சை மாமிசம் கொடுப்பதை ஊக்குவிக்க வேண்டாம் என்று கொள்கை வகுத்துவிட்டது. சால்மொனெல்லா, லிஸ்டீரியா, கேம்பைலோபாக்டர் மூன்றும் காரணம். நாய்க்கு ஒன்றும் ஆகாமலே அதன் மலத்தில் சால்மொனெல்லா வெளியேறும், வீட்டுத் தரைக்கு வரும். பச்சைக் கோழி தின்னும் நாய்களுக்குக் கேம்பைலோபாக்டர் வழியாகக் கால்கள் செயலிழக்கும் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று மெல்போர்ன் பல்கலைக்கழகத்தினர் 2018இல் எழுதினார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும், என் கண் பார்வையில் செய்யட்டும் என்று முடிவெடுத்தேன். வீட்டில் இருவர் மட்டும், குழந்தை இல்லை, நோயாளி இல்லை, தனி ஃப்ரீஸர் வைக்க இடம் இருக்கிறது. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் சம்மதித்திருக்க மாட்டேன்.

அடுத்து எந்தக் கறி என்ற கேள்வி. காடையும் வான்கோழியும் கோழிக்கு உறவு, அதனால் கழித்தேன். பன்றியைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. மீனில் சில வகைகளுக்குப் பச்சையாக இருக்கும்போது தையமின் வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு. முயல் நல்லது, ஆனால் பண்ணைக்காரர் ஒரு வாரம் கொண்டுவருவார், ஒரு வாரம் போனை எடுக்கமாட்டார். மிஞ்சியது வெள்ளாடு. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பசும்பாலில் உள்ள சில புரதங்களும் ஆட்டிறைச்சிப் புரதங்களும் ஒன்றையொன்று ஒத்தவை. தயிர்சாதம் தின்று வளர்ந்த நாயாக இருந்தால் ஆட்டைத் தொட்டிருக்கமாட்டேன். ப்ரூனோ தயிரை வெறுத்தது எங்களுக்கு அதிர்ஷ்டம். பிஸ்கெட்டில் இருந்த பால்பொடி மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. நான்கு வாரத்தில் குறையாவிட்டால் முயலுக்கு மாறுவது என்று பேசிக்கொண்டோம்.

கறிக்கடைக்கு நானே ஒரு நாள் போனேன். மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்து ஆகிற வேலை இல்லை இது. மாநகராட்சி ஆடுதொட்டியில் வெட்டி, முத்திரை குத்திய ஆடு மட்டும்தான் வேண்டும் என்றேன். பாய் சிரித்தார்.

"நாய்க்கா மேடம்? நாய்க்குன்னு தனியா கழிவு எடுத்து வச்சிருக்கோமே, கிலோ கம்மி ரேட்டு."

அந்தக் கழிவுக்குப் பயந்துதான் நான் வந்தது. நுரையீரலிலும் ஈரலிலும் நீர்க்கட்டி இருந்தால் அதை மனிதருக்கு விற்காமல் ஒதுக்குவார்கள். ஒதுக்கியது நாய்க்குப் போகும். அந்தக் கட்டிக்குள் இருப்பது எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் குஞ்சுகள். நாயின் குடலில் அவை சில மில்லிமீட்டர் நீளப் புழுக்களாகி முட்டையிடும். முட்டை நாயின் மலத்திலிருந்து நம் கைக்கு, கையிலிருந்து வாய்க்கு, கடைசியில் நம் ஈரலில் கட்டி. பாயிடம் இதைச் சொன்னபோது அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவர் தம்பி மனைவிக்கு ஈரலில் நீர்க்கட்டி அறுவை நடந்திருக்கிறது. வீட்டில் நாய் உண்டா என்று கேட்டேன். கடைக்கு வெளியே படுத்திருந்த மூன்றைக் கையால் காட்டினார்.

அதன் பிறகு பாய் என் பக்கம் வந்துவிட்டார். கோழியும் ஆடும் ஒரே வெட்டுக்கட்டையில் வெட்டுகிற கடை அது. காலையில் கடை திறந்ததும், கோழி கட்டைக்கு வருவதற்கு முன், கட்டையைக் கழுவி எங்களுக்கு முதல் வெட்டு என்று ஏற்பாடானது. தொடைக்கறியும் கழுத்துக்கறியும் பெரும்பங்கு. மென்மையான நெஞ்செலும்பு பத்தில் ஒரு பங்கு. ஈரல் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, வைட்டமின் ஏ கூடிவிடும். இன்னொரு இருபதில் ஒரு பங்கு சுவரொட்டி. கால் எலும்பு வேண்டவே வேண்டாம். அதைக் கடித்து மேல்தாடைக் கடைவாய்ப்பல் பிளந்து வருகிற நாய்களை அடிக்கடி பார்க்கிறேன். மொத்தத்தில் நாளுக்கு 800 கிராம், உடல் எடையில் இரண்டரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கறி விற்கிற விலையில் லாப்ரடாருக்கு மாதச் செலவு, அவர் முதலில் வேண்டாம் என்ற மருத்துவத் தீனியைத் தாண்டிவிட்டது. சார் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எல்லாக் கறியும் மைனஸ் 18 டிகிரியில் பத்து நாள் கிடந்த பிறகுதான் தட்டுக்கு வரும். குளிரில் நாடாப்புழுக் குஞ்சுகள் சாகும். பாக்டீரியா சாகாது, அதனால் கை கழுவுவது, தனிக் கத்தி, தனித் தட்டு, தின்று மிஞ்சியதை அரை மணியில் எடுத்துக் கொட்டுவது. உறைந்ததை வெளியே வைத்து இளக்கக் கூடாது, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் முதல் நாள் இரவே வைக்க வேண்டும். இதோடு முறை தவறாமல் ப்ராசிகுவான்டெல் மாத்திரை.

மாற்றும்போது முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுத்தோம். எட்டு வாரக் கணக்கு அதற்குப் பிறகு, தட்டில் ஆடு மட்டும் இருக்கிற நாளிலிருந்து. வயிறு இரண்டு நாள் இளகியது, பிறகு கட்டியது. ஒரு கட்டத்தில் மலம் சுண்ணாம்புக் கட்டியாக வெளுத்து வந்தது. எலும்பைக் குறைத்தோம்.

சோதனையை உடைப்பவை பெரும்பாலும் நாயின் தட்டுக்கு வெளியே இருக்கும். உண்ணிக்குக் கொடுக்கும் கடித்துத் தின்னும் மாத்திரையில் இறைச்சிச் சுவை சேர்த்திருப்பார்கள். மீன் எண்ணெய்க் குளிகையின் உறை மாடு, பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின், ஆகவே ஊசியால் குத்தி எண்ணெயை மட்டும் பிழிய வேண்டும். கால்சியத்துக்கு முட்டை ஓட்டுத் தூள் எல்லாரும் சொல்லும் வழி, கோழி ஆகாத நாய்க்கு ஓட்டோடு ஒட்டிய ஜவ்வும் கோழிதான். ஆறாம் வாரம் ப்ரூனோவுக்குத் திடீரென்று காது சிவந்தது. சார் டைரியை விரித்து எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்றார். அவர் மனைவி, அந்த அம்மா, பேசாமல் உட்கார்ந்திருந்தார். மாடியில் குடியிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள் என்று பொதுவாகச் சொன்னேன். மறுநாள் அம்மா தனியாகப் போன் செய்தார்.

"டாக்டரம்மா, மாடி வீட்டுப் பையன் தினமும் அவனுக்கு ஆம்லெட்ல பாதி ஊட்டிட்டு இருந்திருக்கான். இவர்கிட்ட சொல்லிடாதீங்க, பையன அடிச்சிடுவார்."

சொல்லவில்லை. கணக்கை மட்டும் முதலிலிருந்து தொடங்கினோம்.

இரண்டாவது சுற்றில் பிழை இல்லை. இடையில் கொடுத்துவந்த அரிப்பு மாத்திரையைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினேன். எட்டாம் வாரம் காது வெளிறிய இளஞ்சிவப்பில், வாடை இல்லாமல் இருந்தது. பாதத்தில் செம்பட்டை போய்ப் புது ரோமம். சார் முகத்தில் வென்ற களை.

"பாத்தீங்களா மேடம், பச்சைக் கறி!"

இன்னும் பாதி வேலை பாக்கி என்றேன். பழையதைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் எது காரணம் என்று சொல்ல முடியும். எல்லாரும் சொல்வதை அவரும் சொன்னார், நன்றாக இருக்கிறவனை எதற்கு மறுபடி கெடுக்க வேண்டும் என்று. இந்த இடத்தில் பெரும்பாலான வீடுகள் என்னிடம் வருவதை நிறுத்திவிடுகின்றன. குற்றம் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் ராத்திரி முழுக்கச் சொறியும் சத்தம் கேட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தவர்கள்.

சாரின் மகள் கர்ப்பமாகி, ஐந்தாம் மாதத்தில் பெங்களூரிலிருந்து வந்தது எனக்கு வசதியாகிவிட்டது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பச்சைக் கறி ஒரு நாள்கூடக் கூடாது என்றேன். லிஸ்டீரியாவும் டாக்ஸோபிளாஸ்மாவும் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று சொன்ன பிறகு அம்மா ஃப்ரீஸரையே காலி செய்யத் தயாராகிவிட்டார். அதே பாய் கடை, அதே ஆடு, எலும்பு மட்டும் இல்லாமல் குக்கரில். வேகவைத்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். எலும்பு போனால் கால்சியமும் போகும், அதற்குக் கால்சியம் கார்பனேட் தூளை அளந்து கொடுத்தேன். வெறும் கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகச் சொற்பம். இது தெரியாமல் வெறும் கறியும் சோறும் போட்டு வளர்த்து, எலும்பு வளைந்து, நடக்க முடியாமல் வரும் குட்டிகளை இன்றும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பறங்கிக்காயும் தாது உப்புக் கலவையும் சேர்த்தோம். ப்ரூனோ இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாற்றை வடிக்காமல் ஊற்றச் சொன்னேன், நக்கித் தீர்த்துவிட்டான்.

சார் தினமும் டைரியில் காதை எழுதினார். வாரங்கள் போயின. காது அப்படியே இருந்தது.

வளைகாப்பு அன்று வீட்டில் கோழி பிரியாணி. வந்தவர்களில் யாரோ, யார் என்று கடைசிவரை தெரியவில்லை, ப்ரூனோவுக்குத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலையில் காதைச் சொறிந்துகொண்டு என் வாசலில் நின்றான். பிரியாணியில் வெங்காயம் முதல் நெய் வரை எல்லாம் இருக்கிறது, அதை வைத்துக் கோழியைக் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் இந்தத் தடவை சோதித்துப் பார்க்கலாம் என்று சாரே சொன்னார். காது ஆறிய பிறகு, எதுவும் சேர்க்காத, வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி மட்டும். இரண்டு வாரம் வரை காத்திருக்கத் தயாராக இருந்தோம். அவ்வளவு நாள் தேவைப்படவில்லை. அடுத்து முட்டை, அதற்கும் சொறிந்தான். பிஸ்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு அதில் இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது, சாயங்கால டீ பழையபடி இருவருக்கானதாகிவிட்டது.

பேத்தி பிறந்து, மகள் ஊருக்குத் திரும்பிய பிறகும் குக்கரே தொடர்கிறது. புரட்டாசியில் கறி விலை இறங்கும்போது சார் ஃப்ரீஸரை நிரப்பிக்கொள்கிறார். ஆனால் காலை நடையில் பார்க்கிற நாய்க்காரர்களிடம் ப்ரூனோவைக் குணப்படுத்தியது பச்சைக் கறி என்றுதான் இன்னும் சொல்கிறார். அவர் சொல்லி அனுப்பி வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே, பச்சைக் கறி எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒரு தாளைக் கொடுத்து, குட்டியாக வந்த நாளிலிருந்து அது என்னென்ன தின்றது என்று எழுதச் சொல்கிறேன். பாதிப் பேர் முதல் வரியில் சிக்கன் என்று எழுதிவிட்டு, பச்சைச் சிக்கன் போடலாமா என்று கேட்கிறார்கள்.